சலங்கைக்கும் ஒரு கணக்கேடு
இல்லமும் தொழிலும்

சங்கரன்கோவிலிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கின்றார். எட்டு ஆண்டுகளாகத் தம் ஊரில் பரதநாட்டியப் பள்ளி நடத்திவருபவர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றார். அவர் எழுதியதன் சுருக்கம் இது:

"இப்பொழுது என்னிடம் 40 பிள்ளைகள் கற்கின்றனர். மாதக் கட்டணம் 500 ரூபாய். கூடம் இடம் போதவில்லை. பெரிய கூடம் ஒன்று 10,000 ரூபாய் வாடகைக்கு வருகின்றது. ஒரு இலட்சம் முன்பணம் கேட்கின்றார்கள். நகையை அடகு வைத்து அதை எடுத்துவிடலாமா? கட்டணத்தை 600 ரூபாயாக உயர்த்தலாமா? புத்தாண்டு பிறக்குமுன் முடிவு செய்ய வேண்டும். சென்ற ஆண்டின் வருகைப் பதிவேட்டையும் செலவுகளையும் படியெடுத்து இத்துடன் அனுப்பியுள்ளேன்."

கடிதத்தின் இறுதியில், கையொப்பத்திற்கும் கீழே, ஒரு வரி சேர்த்திருக்கின்றார்: "நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, மிக நன்றாக ஆடுவாள். தீபாவளிக்குப் பிறகு வரவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை."

சகோதரி கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தக் கடைசி வரியில்தான் இருக்கின்றது என்பது நம் எண்ணம். அதை விளக்கவே இந்த மாதப் பகுதி. நடனப் பள்ளி மட்டுமன்று. தையற் பயிற்சி, தட்டச்சு, பாட்டு, தனிப்பயிற்சி என்று வீட்டையொட்டிச் சிறு கல்விக்கூடம் நடத்தும் எவருக்கும் இக்கணக்கு பொருந்தும்.

டிசம்பர் காட்டும் பொய்க்கணக்கு

டிசம்பர் மாதத்தை மட்டும் பார்ப்போம். 40 பிள்ளைகள், 500 ரூபாய் வீதம் வரவு 20,000. கூட வாடகை 6,000. மின் கட்டணம் 1,000. மிருதங்கக் கலைஞருக்கு 4,000. ஆகச் செலவு 11,000. மீதி 9,000 ரூபாய். "மாதம் ஒன்பதாயிரம் நிற்கின்றது, பெரிய கூடத்திற்கு நான்காயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் தாங்கும்" என்று சகோதரி எண்ணுகின்றார். யாரும் அப்படித்தான் எண்ணுவர்.

ஆனால் நாட்டியப் பள்ளிக்கு டிசம்பர் என்பது ஆண்டின் நிறைந்த மாதங்களுள் ஒன்று. விசயதசமியன்று சேர்ந்த சிறுவர் சிறுமியர் இன்னும் ஆர்வம் குன்றாமல் வருகின்றனர். ஆண்டு விழாவும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளும் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துகின்றன. இந்த மாதத்தை வைத்து ஆண்டை அளப்பது, கார்த்திகை மழையில் நிறைந்த குளத்தைப் பார்த்துக் கோடைக்கும் சேர்த்து நாற்று நடுவதைப் போன்றது.

சகோதரி அனுப்பிய பதிவேடு சென்ற ஆண்டு ஜூன் முதல் இவ்வாண்டு மே வரை பிள்ளைகளின் தொகையை மாதவாரியாகக் காட்டுகின்றது: ஜூன் 30, ஜூலை 34, ஆகஸ்டு 32, செப்டம்பர் 34, அக்டோபர் 42, நவம்பர் 42, டிசம்பர் 40, ஜனவரி 36, பிப்ரவரி 30, மார்ச் 22, ஏப்ரல் 24, மே 28. கூட்டினால் 394. அதை 500 ஆல் பெருக்கினால் ஆண்டு வரவு 1,97,000 ரூபாய். எல்லா மாதமும் 40 பேர் என்று கொண்டால் வரவேண்டியது 2,40,000. இடையே 43,000 ரூபாய் எங்கோ போய்விட்டது.

செலவைக் காண்போம். வாடகை ஆண்டுக்கு 72,000, மின்சாரம் 12,000, மிருதங்கக் கலைஞர் 48,000, ஜனவரியில் நடந்த ஆண்டு விழாவுக்கு மேடை, ஒலிபெருக்கி, விளக்கு, பக்கவாத்தியம் என்று பள்ளி ஏற்றது 30,000, பழுது பார்த்தலும் சில்லறையும் 5,000. மொத்தம் 1,67,000. மீதி 30,000. அதாவது மாதம் ஒன்றுக்கு 2,500 ரூபாய்!

சகோதரி வாரத்தில் ஐந்து மாலைகள், நாளுக்கு மூன்று மணி நேரம் நின்று கற்பிக்கின்றார். மாதத்திற்கு ஏறத்தாழ 60 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்திற்கு 42 ரூபாய் கூட முழுமையாக இல்லை. எட்டு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியையின் ஊதியம் அது. டிசம்பர் சொன்ன ஒன்பதாயிரம் ஆண்டு முழுவதும் பரவியபோது இரண்டாயிரத்து ஐந்நூறாய்ச் சுருங்கிவிட்டது.

இரண்டு கேள்விகளுக்கு விடை

இனிக் கேள்விகளுக்கு வருவோம். பெரிய கூடத்திற்கு மாதம் 4,000 ரூபாய் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 48,000. கையில் நிற்பதோ 30,000. ஆண்டுக்கு 18,000 ரூபாய் இழப்பு; நகைக் கடனின் வட்டி வேறு. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்க்கும் மனிதனின் உவமையை நாமெல்லாரும் கேட்டிருக்கின்றோம். ஆகவே, சகோதரி, இந்த ஆண்டு நகை பெட்டியிலேயே இருக்கட்டும். இட நெருக்கடிக்கு வழி உண்டு. தொடக்க நிலையினர் இரண்டு மாலை, தேர்ந்த நிலையினர் இரண்டு மாலை, அனைவரும் கூடும் ஒரு மாலை என்று பிரித்தால் இப்போதைய கூடமே போதும்.

கட்டண உயர்வு? ஒருவரும் விலகாவிட்டால் நூறு ரூபாய் உயர்வு ஆண்டுக்கு 39,400 ரூபாய் தரும். ஆனால் அந்த உயர்வினால் ஆறே ஆறு பிள்ளைகள் ஆண்டு முழுவதும் வராமல் நின்றுவிட்டால் வரவு 1,93,200 ஆகிவிடும். இப்போதையதை விடக் குறைவு. கட்டணமும் உயர்ந்து, பிள்ளைகளும் குறைந்து, வரவும் தேய்ந்த நிலை அது. உயர்வே கூடாது என்பதில்லை. ஆண்டின் நடுவில் வேண்டாம். பள்ளி ஆண்டு தொடங்கும் ஜூன் மாதத்தில், இரண்டு மாதங்களுக்கு முன்னரே பெற்றோருக்கு அறிவித்து, ஐம்பது ரூபாய் அளவில் செய்யலாம்.

நின்றுபோனவர்களின் பட்டியல்

பதிவேட்டில் இன்னுமொரு செய்தி மறைந்து கிடக்கின்றது. பன்னிரண்டு மாதங்களில் மொத்தம் 58 பெயர்கள் வந்துள்ளன. மே மாதத்தில் எஞ்சியவர் 28. அப்படியென்றால் ஒரே ஆண்டில் 30 பிள்ளைகள் நின்றுபோயினர்! சென்ற டிசம்பரிலும் 40 பேர், இந்த டிசம்பரிலும் 40 பேர். எனவே ஒன்றும் குறையவில்லை என்று தோன்றுகின்றது. உண்மையில் முன்வாசல் வழியே வந்தவர்கள் பின்வாசல் வழியே போய்க்கொண்டிருக்கின்றனர்.

ஆண்டு முடிவில் வந்தவர்களை எண்ணுவது எல்லாருக்கும் இயல்பு. நாம் வேண்டுவது, போனவர்களை எண்ண வேண்டும் என்பதே. ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இடுங்கள்: பெயர், நின்ற மாதம், காரணம். சகோதரி அனுப்பிய தாளில் முதலிரண்டும் உண்டு. மூன்றாவது இடம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கின்றது.

நம் ஊர்களில் பிள்ளைகள் நடனத்தை விடும் காரணங்கள் பலவல்ல. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகள் முதற்காரணம். இருட்டிய பின் தனியே வீடு திரும்ப வேண்டியிருப்பது மற்றொன்று. பெண் பெரியவளானதும் வீட்டார் நிறுத்திவிடுவது வேறொன்று. அடுத்தது, எவரும் வாய்விட்டுச் சொல்லாதது: பணம். ஒவ்வொரு நோய்க்கும் மருந்து வேறு. காரணம் தெரியாமல் எல்லாவற்றிற்கும் பெரிய கூடத்தையே மருந்தாகக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

தேர்வுக்காக நிற்பவர்களை முற்றிலும் அனுப்பிவிட வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதங்களுக்கு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் வைத்து, பாதிக் கட்டணம் பெறலாம். விலகக்கூடியவர்களுள் 12 பேர் இவ்வாறு தொடர்ந்தால் 250 ரூபாய் வீதம் 9,000 ரூபாய் வரும். பணத்தை விடப் பெரியது, ஜூன் மாதத்தில் அவர்கள் புதியவர்களாக அல்லாமல் பழைய மாணவிகளாகவே வந்து நிற்பார்கள் என்பது. படிப்பின் இறுக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேர அடவுப் பயிற்சி உடலுக்கும் மனத்துக்கும் நல்ல மாற்றாகவும் அமையும்.

இருட்டுக்கு அஞ்சும் வீடுகளுக்கு நேரத்தை மாற்றிக் கொடுங்கள். சிறுமியரின் வகுப்பு முதலிலும் உள்ளூர்ப் பெரிய பிள்ளைகளின் வகுப்பு பின்னும் இருக்கட்டும். பெரியவளான பெண்ணின் தாயை நேரில் சென்று பார்த்து, வகுப்பில் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும், யாருடன் திரும்புவாள் என்பதைச் சொல்லுங்கள். தாய்க்கு வேண்டியது அந்த உறுதிதான்.

விழாவின் பளு

விடாமல் நம்மை உறுத்துவது அந்த நெசவாளர் வீட்டுப் பெண். கடிதத்தின் நடுவே சகோதரி வேறொன்றைக் குறிப்பிட்டிருக்கின்றார்: வரும் ஜனவரி ஆண்டு விழாவிற்கு ஆடை, ஒப்பனைக்காகப் பிள்ளை ஒன்றுக்கு 2,500 ரூபாய் தரும்படி தீபாவளி முடிந்த வாரத்தில் சொல்லப்பட்டதாம். அதையும் கடைசி வரியையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். காரணம் இதுதான் என்று நாம் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து மாதக் கட்டணத்திற்கு ஈடான தொகையை ஒரே முறையில் கேட்கும்பொழுது, இல்லை என்று சொல்ல நாணும் குடும்பம் சொல்லாமலே நின்றுகொள்ளும்.

சங்கரன்கோவில் விசைத்தறிகளின் ஓசைக்கும் மல்லிகைச் சந்தைக்கும் பேர்போன ஊர். தறிக்கூடத்தில் உழைப்பவருக்கு வாரக் கூலி. பூ விற்பவருக்கு அன்றாட வரவு, அதுவும் முகூர்த்த நாளுக்கு ஒரு விலை, மற்ற நாளுக்கு ஒரு விலை. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு ஐந்தாம் தேதி 500 ரூபாய் தருவது எளிது. வாரக் கூலி வீட்டுக்கு வாரம் 125 ரூபாய் தருவது எளிது. தொகை ஒன்றுதான், கேட்கும் நாள்தான் வேறு. இதற்கு ஒரு சிறு வார அட்டை போதும். யார் அட்டைக்காரர், யார் மாதக்காரர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியையின் பண்பு.

விழாவின் ஆடைக்கும் வழி காண்போம். 1936 இல் அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். மறு ஆண்டே அங்கு நெசவுக் கூடமும் எழுந்தது. ஆடுபவர் உடுத்தும் சேலையும் நடனக் கல்வியின் ஒரு பகுதி என்பது அவர் கண்ட உண்மை. அந்நிறுவனம் திருவான்மியூரில் தன் சொந்த வளாகத்தில் நிலைகொண்டது 1962 இல். தொடங்கி 26 ஆண்டுகளுக்குப் பிறகு. நாட்டில் முதன்மை பெற்ற கலைக்கூடமே இடத்திற்காக அத்தனை காலம் பொறுத்தது என்பதைப் பெரிய கூடத்திற்காகத் தவிப்பவர்கள் நினைவில் வைக்கலாம்.

நெசவூரிலேயே இருக்கும் நமக்கு நெசவுக் கூடம் எழுப்ப வேண்டிய தேவையில்லை. ஊரில் நெய்த பருத்திச் சேலைகளைப் பள்ளியே ஒரே நிறத்தில் பன்னிரண்டு வாங்கிக் குழு நடனத்திற்கு வைத்துக்கொள்ளலாம். தைத்த நாட்டிய ஆடைகளை ஆண்டுக்கு மூன்று நான்காகச் சேர்த்து, பள்ளியின் பெட்டியில் வைத்து, மாறி மாறி உடுத்தச் செய்யலாம். வாடகை மண்டபத்திற்கு மாற்றாகப் பள்ளிக்கூட அரங்கையோ பங்குக் கூடத்தையோ பகற்பொழுதில் கேட்டுப் பெறலாம். பகலென்றால் விளக்குச் செலவும் இல்லை. இவற்றால் 30,000 ரூபாய் விழாவை 12,000 ரூபாய்க்குள் அடக்கலாம். ஆட்டம் நன்றாக இருந்தால் பின்திரையின் விலையை யார் கேட்கப் போகின்றார்கள்?

டிசம்பரில் இன்னொரு தொல்லையும் உண்டு. "எங்கள் விழாவுக்கு நான்கு பிள்ளைகளை ஆடச் சொல்லுங்கள்" என்று பல இடங்களிலிருந்து அழைப்பு வரும். கலைக்கு விலை பேசுவதா என்று கூச்சப்படாதீர்கள். வண்டிச் செலவு, ஒப்பனை, பக்கவாத்தியம் ஆகிய மூன்றையும் அழைப்பவரே ஏற்க வேண்டும் என்று முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடலாம். ஆண்டுக்கு இரண்டு நிகழ்ச்சி இலவசம் என்று நீங்களே வரையறுத்துக்கொண்டால், மூன்றாவதை மறுப்பது எளிதாகும்.

மூன்று ஆண்டு முடிவுகள்

நிற்க. நாட்டியப் பள்ளிக்கு ஆண்டு முடிவு என்பது ஒன்றன்று, மூன்று. டிசம்பரில் நாட்காட்டியின் ஆண்டு முடிகின்றது. மார்ச்சில் அரசின் கணக்காண்டு முடிகின்றது. ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளின் படிப்பாண்டு முடிகின்றது. ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டியது வேறு.

டிசம்பரில் பிள்ளைகளை எண்ணுங்கள். ஜனவரிக்குப் பின் வகுப்பு மெலியும். அதற்கு முன்பே வீடு வீடாகச் சென்று பேசக் கிடைக்கும் கடைசி மாதம் இதுவே.

மார்ச்சில் பணத்தை எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டணத்திற்கும் எண்ணிட்ட ரசீது இருக்க வேண்டும். வீட்டுப் பணமும் பள்ளிப் பணமும் ஒரே பையில் கலக்கக் கூடாது. பள்ளிக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். வரியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவரை நம் மாநிலத்தில் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. மேலும் 2022 ஜூலை 18 முதல், கலைப் பயிற்சிக்கான விலக்கு தனிநபர் ஒருவர் நடத்தும் பயிற்சிக்கு மட்டுமே என்று சுருக்கப்பட்டுள்ளது. ஆகவே பள்ளியைக் கூட்டு நிறுவனமாகவோ சங்கமாகவோ மாற்ற எண்ணுபவர்கள் கணக்கர் ஒருவரைக் கலந்துகொண்ட பின்னரே மாற்ற வேண்டும்.

மே மாதத்தில் நாட்களை எண்ணுங்கள். வரும் ஆண்டின் நாட்காட்டியை விரித்து, வகுப்பு நடவாத நாட்களை முதலில் குறியுங்கள். ஆடியில் பன்னிரண்டு நாள் நிகழும் தபசுத் திருவிழாவின்போது சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றி ஊரே திரளும். அந்நாட்களில் வகுப்பு வைத்துப் பயனில்லை. பிள்ளைகளின் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள், பொங்கல் விடுமுறை ஆகியவற்றையும் குறித்த பின் எஞ்சுபவையே உங்கள் ஆண்டு. மார்க்கம் என்னும் அரங்க வரிசையில் அலாரிப்பு சிறிதாய்த் தொடங்கும்; வர்ணம் நடுவில் முழு வலிமையையும் கேட்கும்; பின்னர்ப் பதம் இளைப்பாற்றும். ஆண்டையும் அவ்வாறே அமையுங்கள். விசயதசமி முதல் டிசம்பர் வரை கடினமான பாடம். தேர்வு மாதங்களில் கற்றதை மீட்டல். மே மாதத்தில் புதியவர்களுக்குக் கோடை வகுப்பு. பதினைந்து சிறுவர் சிறுமியர் கோடை வகுப்பில் சேர்ந்தாலே 7,500 ரூபாய் வரவு.

இன்னும் மேலே கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு வழி காட்டுவதும் ஆண்டுத் திட்டத்தில் அடங்க வேண்டும். திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி உண்டு. அங்குப் பரதநாட்டியம் உள்ளிட்ட கலைகளை மூன்று ஆண்டுகள் கற்றுச் சான்றிதழ் பெறலாம். திருச்சியில் 1977 இல் தந்தை எஸ். எம். ஜார்ஜ் தோற்றுவித்த கலைக்காவிரி இன்று நுண்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. பரதநாட்டியத்தில் பட்டமே பெறலாம். நடனம் ஒரு பிழைப்புக்கும் வழியாகும் என்று காணும் பெற்றோர், பெண்ணை நடுவில் நிறுத்தத் தயங்குவர்.

முதற்செலவு எது?

இறுதியாக, சகோதரி தம் செலவுப் பட்டியலில் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. வாடகை இருக்கின்றது, மின்சாரம் இருக்கின்றது, மிருதங்கக் கலைஞரின் ஊதியம் இருக்கின்றது. ஆசிரியையின் ஊதியம் இல்லை. எல்லாருக்கும் கொடுத்தபின் மிஞ்சுவதே தமக்கு என்று எழுதியிருக்கின்றார். நம் இல்லங்களில் அன்னையர் உண்ணும் முறையும் அதுதான். கடைசியில், பானையின் அடியில் இருப்பது! தொழிலில் அம்முறை உதவாது. ஆசிரியை தளர்ந்து பள்ளியை மூடினால் நாற்பது பிள்ளைகளுக்கும் நட்டம். ஆகவே மாதம் 6,000 ரூபாய் என்று உங்கள் ஊதியத்தை முதற்செலவாக எழுதுங்கள்.

ஆண்டுக்கு 72,000, இப்போது நிற்பது 30,000, குறை 42,000. எங்கிருந்து வரும்? விழாவில் மிச்சம் 18,000. தேர்வு மாதப் பாதிக் கட்டணம் 9,000. கோடை வகுப்பு 7,500. நேரத்தை மாற்றியதால் இரண்டே பிள்ளைகள் எட்டு மாதம் நிற்காமல் தொடர்ந்தால் 8,000. மொத்தம் 42,500. ஒரு ரூபாய் கூடக் கட்டணத்தை உயர்த்தவில்லை; நகை அடகுக் கடைக்குப் போகவில்லை.

இத்தனை கணக்கும் பிறகு செய்துகொள்ளலாம். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் வருமுன் ஒரு மாலையில் அந்த நெசவாளர் வீட்டுக்குச் சென்று வாருங்கள். கட்டண நிலுவையைப் பற்றிப் பேச வேண்டாம். விழா ஆடை பள்ளிப் பெட்டியில் தயாராக இருக்கின்றது, முன்வரிசையில் அவளுக்கு இடம் இருக்கின்றது என்று மட்டும் அவள் தாயிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஜனவரிப் பதிவேட்டில் அவள் பெயரை மீண்டும் எழுத நேர்ந்தால், அதை நமக்கும் ஒரு வரி எழுதுங்கள்.